அடுப்பங்கரை ஆட்டம்

நம் விடுதியில் என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் நிலவி வருகிறது. இராத்திரி இரண்டு மணிக்கும் என் அறையில் விளக்கு எரிகிறதாம். பௌதிகத்துக்காக இவ்வளவு கண் விழிக்கும் பையனை இதற்கு முன் பார்த்ததில்லை என்று இரவுக் காவலர் எல்லோரிடமும் சொல்லி வருகிறாராம். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "அண்ணே, எப்படிப் படிக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டும் விட்டார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். ஆகவே இந்த மலரின் வாயிலாக உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த நேரத்தில் நான் படிப்பது பௌதிகம் அல்ல, பேஸ்பால் செய்தி.

அதோடு போனாலும் பரவாயில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டமே கிடையாது. மைதானங்களைப் பூட்டிவிடுவார்கள். ஆட்டமே நடக்காத ஓர் ஆட்டத்தைப் பற்றி நடுநிசியில் கண் விழித்துப் படிக்கிறவனை உங்கள் ஊரில் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வேப்பிலை அடிப்பார்கள்.

பேஸ்பாலைக் கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய லீகில் முப்பது அணிகள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடவேண்டும். பிறகு தேர்ந்த அணிகள் மோதி, கடைசியில் 'உலகத் தொடர்' நடக்கும். உலகம் என்றால் அமெரிக்காவின் இருபத்தொன்பது அணிகளும் கனடாவின் ஓர் அணியும். அந்தத் தொடர் முடிந்ததும் குளிர்காலம். அந்தக் காலத்தில் சிற்றூர்க் கடைகளில் இரும்பு அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு, யார் எந்த அணிக்குப் போகிறான், எவனுக்கு எத்தனை சம்பளம் என்று பேசியே பனிக்காலத்தைக் கழிப்பார்களாம். அதனால் இந்த மாதங்களின் வம்புக்கு 'ஹாட் ஸ்டவ் லீக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் அதை 'அடுப்பங்கரை ஆட்டம்' என்று தமிழாக்கம் செய்திருக்கிறேன். அவர்களுக்குப் பகல், நமக்கு நடுநிசி. விளக்கு எரியும் மர்மம் இதுதான்.

அடுப்பு என்றதும் நினைவு வருகிறது. நம் விடுதியிலும் ஓர் அடுப்பு உண்டு. மின்சார அடுப்பு வைத்திருப்பது விதிப்படி குற்றமாகையால் அது எந்த அறையில் இருக்கிறது என்று இங்கே எழுதப் போவதில்லை. டிசம்பர் மாதத்து வடக்கத்திக் குளிரில், ஊரிலிருந்து வந்த காப்பிப் பொடியும் கையுமாகத் தமிழ் மாணவர் நாலைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் சினிமா பேசுவார்கள். நான் பேஸ்பால் பேசுவேன். காப்பி என் பொடியில் ஆகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுத்துக்கொள்வார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த விதத்தைச் சொல்லவேண்டும். அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். அம்பாசமுத்திரத்துக்காரர். நான் பிறந்தது மதுரையில். இரண்டாம் வகுப்பு நாகபுரியில். ஐந்தாம் வகுப்பு வாரணாசியில். அந்த வாரணாசி வட்டாரத்திலிருந்து ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்கள் 2008-இல் ஒரு பந்தெறியும் போட்டியில் தேறி, அமெரிக்காவுக்குப் போய், அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதற்கு முன் அவர்கள் பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. அவர்கள் பெரிய லீகை எட்டவில்லை. கீழ்நிலை லீகில்தான் ஆடினார்கள். ஆனாலும் அவர்கள் கதை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று 2014-இல் சினிமாவாக வந்தது. ஏ. ஆர். ரகுமான் இசை. எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு ஒவ்வொருவனும் ரிங்குவின் ஒன்றுவிட்ட தம்பி. ஹிந்தி சரியாக வராத மதராஸிப் பையன் நான் ஒருவன்தான் யாருக்கும் உறவில்லாதவன். உறவு கொண்டாட முடியாத குறைக்கு, அந்த அணியையே எடுத்துக்கொண்டேன்.

எடுத்த பிறகுதான் விசாரித்தேன். பைரேட்ஸ் என்றால் கடற்கொள்ளைக்காரர்கள். இவர்கள் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979-இல். 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள் ஓர் ஆண்டுகூட விடாமல், வென்றதைக் காட்டிலும் தோற்றதே அதிகம். பேர்தான் கொள்ளைக்காரர்கள், கொள்ளை போவது இவர்கள் வீட்டில்தான். 1991 குளிர்காலத்தில் பாபி போனியா நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போனார். 1992 குளிர்காலத்தில் பாரி பாண்ட்ஸ் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போனார். ஆளை வளர்த்து ஆளாக்குவது பிட்ஸ்பர்க். கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவது மற்றவர்கள்.

2018-ஆம் ஆண்டு ஜனவரி. நமக்குப் பொங்கல் வாரம். நான் ஒன்பதாம் வகுப்பு. 13-ஆம் தேதி பைரேட்ஸ் தன் முதல்தரப் பந்தெறிவாளர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. 15-ஆம் தேதி ஆண்ட்ரூ மக்கட்சனை ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டது. மக்கட்சன் என்றால் சாமானியம் அல்ல. ஒன்பது ஆண்டுகள் அந்த அணிக்கே ஆடி, 2013-இல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் வாங்கியவர். அவரைக் கேட்டு ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கு இந்தச் சட்டை, நாளைக்கு அந்தச் சட்டை. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதே வாரத்தில் அப்பா ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். ராய்ப்பூருக்கு மாற்றல்.

படிப்பு நடுவில் கெடக்கூடாது என்று அம்மாவும் நானும் பரீட்சை வரையில் வாரணாசியில் தங்கினோம். அப்பா மட்டும் முன்னால் போனார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் கூப்பிடுவார். அப்பாவுக்கும் எனக்கும் அதுவரை அதிகப் பேச்சுக் கிடையாது. "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்", "படிக்கிறியா?", "படிக்கிறேன்", "அம்மாட்ட குடு" என்பதோடு சம்பாஷணை முடிந்துவிடும். ஒரு ஞாயிறு, என்ன சொல்வதென்று தெரியாமல், "அப்பா, மக்கட்சனையும் மாத்திட்டாங்க" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "யாருலே அவன்? எந்த டிபார்ட்மெண்டு?"

அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். இன்று வரைக்கும் அப்பா ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. பந்து எந்த நிறம் என்று கேட்டால் தெரியாது. ஆனால் பேஸ்பால் ஊழியர்களின் சர்வீஸ் விதிகள் அத்தனையும் அவருக்குப் பாடம். முப்பத்தைந்து ஆண்டு சர்க்கார் அநுபவத்தைக் கொண்டு ஒவ்வொரு வழக்கையும் தீர்ப்பார்.

உதாரணத்துக்குச் சில வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கார்லோஸ் கொரேயா வழக்கு. 2022 டிசம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோ ஜயண்ட்ஸ் அவரைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு 35 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. அறிமுகக் கூட்டத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அன்று காலையில் வைத்திய அறிக்கையைப் பார்த்துவிட்டு, பழைய கால் காயம் ஒன்று பின்னால் தொந்தரவு தரும் என்று தயங்கினார்கள். மறுநாளே மெட்ஸ் அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 31 கோடியே 50 லட்சம் என்று நிச்சயம் செய்தது. அவர்களும் அதே காலைப் பார்த்தார்கள், அவர்களும் தயங்கினார்கள். கடைசியில் ஜனவரியில், எந்த மின்னெசோட்டா அணியிலிருந்து புறப்பட்டாரோ அதே அணிக்கு ஆறு ஆண்டுகளுக்கு 20 கோடிக்குத் திரும்பிவந்தார். எங்கள் அடுப்பைச் சுற்றி இதைச் சொன்னபோது கோவில்பட்டி நண்பர், "புரிகிறது. இரண்டு இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை. கடைசியில் அத்தை மகளையே கட்டிக்கொண்டான்" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த அமெரிக்கப் பத்திரிகையும் எழுதவில்லை. அப்பா கேட்டது வேறு: "மெடிக்கல் போர்டுக்கு மேல அப்பீல் கிடையாதா?"

இரண்டாவது, ஷோஹெய் ஓட்டானியின் விமானம். பந்தெறிவதிலும் அடிப்பதிலும் ஒருங்கே முதல்வராக இருக்கும் ஜப்பானியர் இவர். 2023 குளிர்காலத்தில் எந்த அணியில் சேர்வார் என்று இரண்டு கண்டங்கள் காத்திருந்தன. டிசம்பர் 8-ஆம் தேதி, அவர் டொராண்டோ அணியில் சேரப் புறப்பட்டுவிட்டார் என்று ஒரு செய்தி கிளம்பியது. தென் கலிபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு தனி விமானம் பறந்துகொண்டிருந்ததும் உண்மை. அந்த ஊரில் அவர் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் ஓர் உணவகம் முழுவதையும் அமர்த்திவிட்டார் என்று வேறு வதந்தி. விமானத்தின் பாதையைத் திரையில் பார்த்தபடி ஆயிரக்கணக்கானோர் விழித்திருந்தனர். அப்போது நான் இங்கே இளங்கலை மூன்றாம் ஆண்டு; காலையில் பரீட்சை. நானும் விழித்திருந்தேன். விமானம் இறங்கியது. கதவு திறந்தது. பிள்ளைகளோடு இறங்கினார் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்ற கனடா தொழிலதிபர். ஓட்டானி கலிபோர்னியாவை விட்டு நகரவே இல்லை. மறுநாள், பக்கத்திலேயே இருக்கும் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேர்வதாக அவரே அறிவித்தார். பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர். பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு பெரிய மர்மமும் இருந்தது. நவம்பரில் அவர் ஒரு விருது வாங்கியபோது பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. நாயின் பெயர் என்ன என்று நிருபர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். டாட்ஜர்ஸ் அறிமுகக் கூட்டத்தில்தான் அது வெளியாயிற்று: டெகோபின். அவருக்குப் பழைய 17-ஆம் எண் சட்டையை விட்டுக்கொடுத்த ஜோ கெல்லியின் மனைவிக்கு ஒரு போர்ஷே கார் பரிசாகப் போயிற்று. நானும் நம் விடுதியில் 17-ஆம் எண் அறையில்தான் இருக்கிறேன். எவரும் வந்து கேட்கவில்லை.

அந்த 70 கோடியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்டுக்கு 7 கோடி சம்பளம் என்று பேர். ஆடுகிற காலத்தில் கையில் வாங்குவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடியும் 2034 முதல் 2043 வரை தவணையாக வரும். இதைக் கேட்டதும் அப்பாவின் குரலில் ஒரு மரியாதை ஏறிற்று. "நல்ல பையன். ஜி.பி.எஃப்.ல போட்டிருக்கான்" என்றார்.

அப்போதுதான் பழைய பைரேட்ஸ்காரரான போனியாவின் கதையையும் சொன்னேன். மெட்ஸ் அணி அவருக்குத் தரவேண்டிய 59 லட்சம் டாலரை உடனே தர மனமில்லாமல், 2000-ஆம் ஆண்டில் எட்டு சதவீத வட்டியோடு தவணையாகத் தர ஒப்புக்கொண்டது. அதன்படி 2011 முதல் 2035 வரை ஒவ்வோர் ஜூலை முதல் தேதியும் அவருக்கு 11,93,248 டாலர் 20 சென்ட் போய்ச் சேரும். அவர் ஆட்டத்தை விட்டது 2001-இல். கடைசித் தவணை வாங்கும்போது வயது 72. அந்த இருபது சென்ட்டைக் கேட்டு அப்பா வெகு நேரம் சிரித்தார். "கணக்குன்னா அதான் கணக்கு" என்றார். பிறகு மெதுவாக, "பஞ்சப்படி உண்டா?" என்று கேட்டார்.

மூன்றாவது, ஹாரி சிட்டி வழக்கு. பேஸ்பாலில் ஒரு விசித்திர வழக்கம்: ஓர் ஆளைக் கொடுத்து, பதிலுக்கு 'பெயர் பின்னால் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்' ஒருவரை வாங்கிக்கொள்ளலாம். 1962 ஏப்ரலில் கிளீவ்லண்ட் அணி ஹாரி சிட்டியை இந்த ஏற்பாட்டில் மெட்ஸுக்குக் கொடுத்தது. ஜூனில் அந்தப் பின்னால் வரவேண்டியவரின் பெயரை அறிவித்தார்கள். ஹாரி சிட்டி! தனக்குத் தானே பண்டமாற்றானவர். ஒரு வாளியைக் கடன் வாங்கி அதே வாளியைத் திருப்பிக் கொடுப்பது நம் விடுதியில் தினசரி வழக்கம். ஆனால் அதற்காக எவர் பெயரும் சரித்திரத்தில் ஏறவில்லை.

நான்காவது வழக்கு குளிர்காலத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் அப்பாவின் மனத்தைத் தொட்டது. 1982 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பகலில், ஜோயல் யங்பிளட் சிகாகோவில் மெட்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவிலேயே அவரை மாண்ட்ரியல் அணிக்கு மாற்றிவிட்டார்கள். விமானம் பிடித்து அன்றிரவே பிலடெல்பியாவில் புது அணிக்காக ஆடினார். ஒரே நாளில், இரண்டு ஊர்களில், இரண்டு அணிகளுக்காக அடித்து, தளம் சேர்ந்தவர் அவர். நான் இதைப் பெரிய சாதனை என்று சொன்னேன். அப்பாவுக்கு வருத்தமாகிவிட்டது. "முற்பகல் ரிலீவ், பிற்பகல் ஜாயினிங்கா? பாவம், ஜாயினிங் டைம்கூடக் கொடுக்கலியே. சாமான் செட்டெல்லாம் யாரு கட்டினா?" என்றார்.

சாமான் செட்டை யார் கட்டினார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அம்மாதான் கட்டினாள். நாகபுரியில், வாரணாசியில், ராய்ப்பூரில், பிறகு போபாலில். ஒவ்வொரு தடவையும் வெண்கல உருளியைப் பழைய வேட்டியில் சுற்றி எல்லாவற்றுக்கும் கீழே வைப்பாள். ஒவ்வொரு தடவையும், "இதை இனிமே அவிழ்க்கவே வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவிழ்ப்பாள்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் உண்டு: கர்ட் ஃப்ளட். செயிண்ட் லூயிஸ் அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய அவரை 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போகமாட்டேன் என்றார். என் சம்மதம் இல்லாமல் என்னைக் கைமாற்ற நான் என்ன சரக்கா என்று லீகின் கமிஷனருக்கே எழுதினார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1972-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். ஆட்ட வாழ்வும் அத்தோடு போயிற்று. ஆனால் அவர் திறந்துவிட்ட வாதம் மூடவில்லை. 1973-இல் ஒரு விதி வந்தது: பெரிய லீகில் பத்து ஆண்டு சர்வீஸும், அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியிலும் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது. 1975 டிசம்பரில், வேறு இரண்டு பந்தெறிவாளர்களின் வழக்கில் நடுவர் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்தவர் தமக்குப் பிடித்த அணிக்குப் போகலாம் என்று ஆயிற்று. இன்றைக்கு ஓட்டானிக்கு 70 கோடியும், 2024 டிசம்பரில் யுவான் சோட்டோவுக்கு மெட்ஸ் கொடுத்த 76 கோடியே 50 லட்சமும் அங்கிருந்து முளைத்தவை.

இந்தக் கதையை நான் சொன்ன அன்று அப்பா தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "அவன் மாட்டேன்னு எழுதிக் குடுத்தானா? கையெழுத்துப் போட்டு?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்பா தம் சர்வீஸில் எந்த உத்தரவுக்கும் அப்படி எழுதிக் கொடுத்தவர் அல்லர்.

குளிர்காலச் செய்தி எல்லாமே வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். 1954 நவம்பர் 22-ஆம் தேதி, மற்ற அணிகளின் கீழ்மட்டத்தில் கிடக்கும் ஆட்டக்காரர்களைச் சொற்ப விலைக்கு எடுத்துக்கொள்ளும் தேர்வில், பைரேட்ஸ் அணி 4,000 டாலர் கொடுத்து இருபது வயதுப் பையன் ஒருவனை எடுத்தது. போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரன். பெயர் ராபர்ட்டோ கிளெமெண்டே. பதினெட்டு ஆண்டுகள் அவர் அந்த ஓர் அணிக்கே ஆடினார். 1960-இலும் 1971-இலும் உலகத் தொடரை வென்று தந்தார். 1972 செப்டம்பர் கடைசியில் தம் 3,000-ஆவது அடியை அடித்தார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அணி கலைந்தது. டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு அவரே விமானத்தில் கிளம்பினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. உடலே கிடைக்கவில்லை. நினைவுப் பிரார்த்தனைக்குப் போகாமல், சக ஆட்டக்காரர் மானி ஸாங்கியென் கடலில் முழுகி முழுகித் தேடிக்கொண்டிருந்தார். கணக்கு 3,000-த்தோடு நின்றுவிட்டது. ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை. பிட்ஸ்பர்க் மைதானத்தின் வலப்புறச் சுவர் இன்றும் 21 அடி உயரம். 21 அவருடைய சட்டை எண்.

சென்ற டிசம்பர் 31 இரவு, வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பருகே இதைச் சொன்னேன். ஒருவரும் பேசவில்லை. வேதியியல் நண்பர் எழுந்து, எவரும் கேட்காமலே இன்னொரு தடவை காப்பி போட்டார்.

இனி, இந்தக் குளிர்காலத்தைப் பற்றி. 2025 நவம்பரில் எங்கள் அணியின் பால் ஸ்கீன்ஸ் சிறந்த பந்தெறிவாளருக்கான ஸை யங் விருதை வாங்கினார். நடுவர் ஒருவர்கூட மாறி வாக்களிக்கவில்லை. மற்ற ரசிகர்கள் கொண்டாடுவார்கள். பைரேட்ஸ் ரசிகன் பயப்படுவான். நல்ல ஆட்டக்காரன் என்றாலே, இவனை எப்போது கொண்டுபோவார்களோ என்ற கவலை எங்களுக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் இந்த ஆண்டு வேறொரு பெரிய செய்தி. ஜனவரி 31-ஆம் தேதி அப்பாவுக்கு ஓய்வு. இனி மாற்றல் உத்தரவு கிடையாது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் போல, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். டிசம்பரில் ஒரு ஞாயிறு இதைச் சொல்லி நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அவரைத் தேற்றுவதற்காக மக்கட்சனின் பாக்கிக் கதையைச் சொன்னேன். 2018-இல் பிட்ஸ்பர்க்கை விட்டுப் போனவர் நான்கு அணிகள் சுற்றினார். 2023 ஜனவரியில், முப்பத்தாறு வயதில், ஓர் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் என்று பழைய அணிக்கே திரும்பிவந்தார். ஏப்ரலில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். மட்டையோடு நடந்து வந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. "பாத்தீங்களாப்பா? திரும்பியும் வரலாம்" என்றேன்.

அப்பா சொன்னார்: "அவனுக்குத் திரும்பி வாறதுக்கு ஒரு ஊரு இருந்துதுலே. நமக்கு எது?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்பாசமுத்திரத்தில் தாத்தா வீட்டைப் பாகம் பிரித்து விற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அங்கே அப்பாவை 'வடக்கே இருக்கிறவர்' என்பார்கள். இங்கே 'மதராஸி' என்பார்கள். நான் பிறந்த மதுரையில் எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது. யார் எங்கே போகிறான் என்று எட்டு ஆண்டுகளாக வேடிக்கையாகப் பேசிவந்த நாங்கள் இரண்டு பேரும், அன்று தொலைபேசியின் இரு முனையிலும் சும்மா இருந்தோம்.

அம்மா தொலைபேசியை வாங்கினாள். இத்தனை ஆண்டுகளாக இந்தப் பேச்சையெல்லாம் அவள் காதில் வாங்குவதில்லை என்றே நினைத்திருந்தேன். "ஏண்டா, பத்து வருஷம் சர்வீஸ், அதுல அஞ்சு வருஷம் ஒரே டீம்னு ஒரு ரூல் சொன்னியே, அது எனக்கு உண்டா கிடையாதா? நான் முப்பது வருஷமா ஒரே டீம்ல இருக்கேன். சம்மதம் இல்லாம என்னை மாத்தக் கூடாது. ஊரு எதுன்னு நான் சொல்லுதேன்" என்றாள்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"நீ எங்கே போகப் போறே? அதைச் சொல்லு முதல்ல."

திடுக்கிட்டேன். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஐந்து இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்தும் இன்னும் தகவல் இல்லை. அது என் சொந்தக் கவலை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு விசாரித்தால், போபாலில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இரண்டு மாதமாக அதே பேச்சாம். சித்தியிடம் அம்மா, "பெங்களூராம்; இல்லை, பம்பாயாம்; ஜெர்மனின்னும் ஒரு பேச்சு அடிபடுது" என்று சொல்கிறாளாம். அப்பா தினமும் என் துறையின் பெயரைப் போட்டு, எந்த ஊரில் என்ன சம்பளம் என்று பார்க்கிறாராம். ஓட்டானியின் விமானத்தைப் பார்த்து விழித்திருந்தவனை, அங்கே இரண்டு பேர் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! 'பெயர் பின்னால் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்' நானேதான்.

வதந்தி என்றால் பொழுதுபோகாதவர்கள் வேலை என்று இதுவரை எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன்னுடையவன் எங்கே போவான் என்று தெரியாதபோது மனிதர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

பிப்ரவரி நடுவில் ஒரு நாள், புளோரிடாவின் பிராடென்டன் என்ற சிற்றூரில் பைரேட்ஸ் முகாம் திறக்கும். பந்தெறிபவர்களும் பிடிப்பவர்களும் வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு வரிச் செய்தி வரும். அவ்வளவுதான், கோடியும் இல்லை, வதந்தியும் இல்லை. ஆனால் ரசிகர்களுக்கு ஆண்டிலேயே இனிப்பான செய்தி அதுதான். அன்றைக்கு முப்பது அணிகளும் சமம். ஒருவரும் இன்னும் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பைரேட்ஸும் தோற்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வரிச் செய்தி எப்போது வரும், எந்த ஊரிலிருந்து வரும் என்று எனக்கு இன்னும் தெரியாது. உருளி மட்டும் வேட்டியில் சுற்றித் தயாராக இருக்கிறதாம். அதுவரையில் என் அறையில் விளக்கு எரியும். காவலர் தம் நல்ல அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவேண்டியதில்லை. தம்பிகள் வரலாம்; காப்பி உண்டு. அடுப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் வார்டனிடம் விசாரிக்காதீர்கள்.